"மூச்சைப் பிடிங்க" என்றதும் ஆச்சி கம்பியைப் பிடித்தார்

மும்பை தாராவியிலிருந்து 20 வயது மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே டெக்னீஷியன் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. காலையில் வகுப்பு, பிற்பகலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் பயிற்சி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. மராத்தி காதில் விழுந்த அளவுக்குத்தான். பெயரையும் இடத்தையும் அவர் கேட்டுக்கொண்டபடி விட்டுவிடுகிறேன். நீண்ட கடிதம். சாரம் இதுதான்:

முதலாவது, மார்பு எக்ஸ்ரேக்கு வந்த எழுபது வயது ஆச்சி ஒருவர். "மூச்சைப் பிடிங்க" என்றதும் ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். படம் மங்கலாக விழ, இரண்டாவது தடவை எடுத்தார்கள். சீனியர் ஆச்சியைத்தான் திட்டினார். அடுத்து பக்கவாட்டுப் படத்துக்குத் திரும்பும்போது ஆச்சி தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை.

இரண்டாவது, மாமியாருடன் வயிற்று எக்ஸ்ரேக்கு வந்த இளம்பெண். கூச்சத்தில் மாதவிலக்கு பற்றிக் கேட்காமல் படம் எடுத்துவிட்டார்கள். போகும்போது அந்தப் பெண் தனியாக வந்து, "பத்து நாள் தள்ளிப்போயிருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார். மாணவி பதில் சொல்லாமல் உள்ளே ஓடிவிட்டார். இது நடந்து இரண்டு நாள் ஆகிறது. "அந்தக் கரு கெட்டுப்போயிருக்குமா, என்னை ஜெயிலில் போடுவார்களா?" என்று கேட்கிறார்.

மூன்றாவது, தாராவிக்காரர் ஒருவர் தன் தம்பியின் படத்தைக் காட்டி "என்னம்மா இருக்கு?" என்று கேட்க, "டிபி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். குடும்பமே வராந்தாவில் அழுதது, ஆசிரியர் கண்டித்தார். அன்றிலிருந்து நோயாளிகளிடம் வாயே திறப்பதில்லை. இதோடு, குழந்தைகளுக்குப் படம் எடுக்கும்போது பிடித்துக்கொள்ள தினமும் தன்னைத்தான் நிறுத்துகிறார்கள் என்றும், கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பட்டை இன்னும் தரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். "நோயாளிக்கு ஆறுதல் சொல்வது நர்ஸ் வேலை, படம் எடுப்பதுதான் நம் வேலை. எம்ஆர்ஐ பக்கம் போய்விட்டால் பேசவே வேண்டாம் என்கிறாள் தோழி. போகலாமா, அல்லது படிப்பையே விட்டுவிடலாமா?" என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள மாணவிக்கு,

ஆச்சியையும் தம்பியையும் பிறகு பார்ப்போம். அந்த இளம்பெண் விஷயம் காத்திருக்காது. ஏற்கெனவே இரண்டு நாள் போய்விட்டது.

அந்தப் பெண்ணுக்கு உடனே தகவல் போக வேண்டும்

நீங்கள் பயப்படும் அளவுக்கு ஆபத்து இல்லை. சாதாரண வயிற்று எக்ஸ்ரே ஒன்றில் கருப்பைக்குப் போய்ச்சேரும் கதிர்வீச்சு சுமார் 1 முதல் 3 மில்லிகிரே (உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). கருவுக்குச் சேர்ந்த அளவு 100 மில்லிகிரேவுக்குக் கீழே இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்பது ஐ.சி.ஆர்.பி. என்ற சர்வதேசப் பாதுகாப்பு அமைப்பின் நிலைப்பாடு. ஒரு படமோ இரண்டு படமோ அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் வீட்டுக்குப் போன பெண், "வயித்துல எக்ஸ்ரே பட்டுடுச்சு" என்று யாரிடமாவது சொல்லி, அவர்கள் பேச்சைக் கேட்டு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுவிடக்கூடும். விரும்பிச் சுமக்கும் ஒரு கரு வெறும் பயத்தால் போய்விடக் கூடாது. அதனால் இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்கள் பொறுப்பு டெக்னாலஜிஸ்டிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அவர் வழியாக, படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்டுக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் போக வேண்டும். அந்த அதிகாரியை எல்லோரும் ஆர்எஸ்ஓ என்பார்கள், அவர் யார் என்று உங்கள் துறையில் கேட்டால் சொல்வார்கள்.

போகும்போது கையில் விவரம் இருக்கட்டும்: தேதி, நேரம், எந்த நிலையில் எடுத்த படம், கருவியில் வைத்த மின்னழுத்தம் எத்தனை கேவிபி, மின்னோட்டமும் நேரமும் சேர்ந்த அளவு எத்தனை எம்ஏஎஸ், மறுபடி எடுத்தது உட்பட மொத்தம் எத்தனை தடவை. டிஜிட்டல் கருவியில் இவை படத்தோடு பதிவாகியிருக்கும். இதை வைத்துத்தான் கருப்பைக்குச் சேர்ந்த அளவைக் கணக்கிட முடியும். அந்தப் பெண்ணை அழைத்து, கர்ப்பப் பரிசோதனை செய்து, இந்த அளவைச் சொல்லிப் பயத்தைப் போக்குவது டாக்டரின் வேலை. அதைத் தெரிந்துகொள்வது அந்தப் பெண்ணின் உரிமை.

ஜெயில் பயம் வேண்டாம். கருவியை இயக்கத் தகுதி பெற்றவர் டெக்னாலஜிஸ்ட், நீங்கள் அவர் கண்காணிப்பில் கற்பவர். கருவிக்கு உரிமம் வாங்கிய நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் ஒன்று: ரிஜிஸ்டரில் பிறகு ஒரு தேதியை எழுதிச் சேர்க்கவோ, படத்தை அழிக்கவோ யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கேட்க மறந்தது திருத்தக்கூடிய தவறு. மறைத்தால்தான் அது குற்றத்தின் பக்கம் போகும்.

இனி எப்படிக் கேட்பது? "கர்ப்பிணிகள் தெரிவிக்கவும்" என்ற அறிவிப்புப் பலகை வெளியே இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. வாசிக்கத் தெரியாதவருக்கும், வாசித்தாலும் மாமியார் எதிரில் சொல்ல முடியாதவருக்கும் அந்தப் பலகையால் பயனில்லை. "உள்ளே படம் எடுக்கிறவங்க மட்டும்தான் வரணும்மா, கதிர்வீச்சு ரூம்" என்று சொல்லி மாமியாரை வெளியே உட்கார வையுங்கள். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், காரணமும் உண்மையானது. கதவு சாத்தியபின், "கர்ப்பமா இருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள். பயத்தில் பாதிப்பேர் "இல்லை" என்பார்கள். தேதியைக் கேளுங்கள்: "கடைசியா எந்தத் தேதியில தலைக்குக் குளிச்சீங்க?" மராத்தியில் "பாளீ கதீ ஆலீ ஹோதீ?" சுமார் 12 வயதிலிருந்து 50 தாண்டும்வரை எல்லாப் பெண்களையும் கேளுங்கள். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வி இதில் எங்கும் வரக் கூடாது. சொன்ன தேதியை, டாக்டர் எழுதிக்கொடுத்த ரெக்விசிஷன் சீட்டிலேயே எழுதுங்கள். நாள் தள்ளியிருந்தால் பட்டனைத் தொடாமல் டாக்டரைக் கேளுங்கள், அல்ட்ராசவுண்ட் போதும் என்று அவரே சொல்லலாம்.

இதையே தலைகீழாகச் செய்வதும் தவறுதான். கர்ப்பிணிக்கு மார்பு எக்ஸ்ரே தேவைப்பட்டால் அதில் கருவுக்குச் சேர்வது 0.01 மில்லிகிரேவுக்கும் குறைவு. "கர்ப்பமா, எடுக்க மாட்டோம்" என்று நிமோனியாவோடு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஆச்சி ஏன் சாய்ந்தார்?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதி. நோயாளியைக் கவனிப்பது ஒரு வேலை, படம் எடுப்பது வேறு வேலை என்று பிரிக்கிறீர்கள். ஆச்சிக்கு நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்தப் பிரிவு நிற்காது.

"மூச்சைப் பிடிங்க" என்பது புத்தகத்து வாக்கியம். எதிரில் குளிர்ந்த ஸ்டாண்டும் கம்பியும் இருக்கும்போது, "பிடிங்க" என்ற கடைசிச் சொல்தான் ஆச்சி காதில் விழுந்தது. அவர் சொன்னதைச் செய்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிக்கு "தம் கட்டுங்க" என்றால் உடனே புரியும், கிணற்றிலும் குளத்திலும் முங்கியவர்கள் அவர்கள். "நல்லா மூச்சை உள்ள இழுத்து, வாயை மூடி, தம் கட்டி நில்லுங்க ஆச்சி" என்று சொல்லுங்கள். கருவியை இயக்கும் கன்சோலுக்குப் போவதற்கு முன்பே பக்கத்தில் நின்று, நீங்களும் கூடவே இழுத்து, ஒருமுறை ஒத்திகை பாருங்கள். இரண்டாவது மூச்சில்தான் பெரும்பாலோர் முழுதாக இழுப்பார்கள், அப்போது படம் எடுங்கள். ஈயக் கண்ணாடி வழியே முதுகும் தோளும் உயர்ந்து நிற்பதைப் பார்த்தபின் பட்டனை அழுத்துங்கள்.

மூச்சு பாதியில் நின்றால் படத்தில் என்ன ஆகிறது? நுரையீரலுக்கு அடியில் உள்ள தசைத்திரையான உதரவிதானம் மேலே ஏறி நிற்கும், நுரையீரலின் அடிப்பகுதி மங்கும், இதயம் பெருத்ததுபோல் தெரியும். இல்லாத நிமோனியா, இல்லாத இதய வீக்கம் அறிக்கையில் வந்துவிடலாம். பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது, பத்து எண்ண முடிந்தால்தான் அது முழு மூச்சுப் படம். இரண்டாவது படத்தால் ஆச்சிக்குக் கதிர்வீச்சு ஆபத்து என்று சொல்ல மாட்டேன். மார்பு எக்ஸ்ரே ஒன்று சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடம்புக்கான பாதிப்பைக் கணக்கிடும் அலகு), இயற்கையாக நம்மேல் படுவதில் ஏறக்குறைய மூன்று நாள் அளவு. ஆனால் அவர் கூடுதலாக நின்றார், கூடுதலாகத் தம் கட்டினார், கூடுதலாகத் திட்டு வாங்கினார்.

அடுத்தது நீங்கள் எழுதாமல் விட்டது. எக்ஸ்போஷர் முடிந்ததும் யாராவது "மூச்சு விடலாம் ஆச்சி" என்று சொன்னீர்களா? கன்சோலில் இருப்பவர் திரையைப் பார்க்கத் திரும்பிவிடுவார், நோயாளி தம் கட்டியபடியே நிற்பார். ரத்தப் பரிசோதனைக்கென்று காலையிலிருந்து வெறும் வயிறு, ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற கால், அதன்மேல் அடைத்த மூச்சு. அப்புறம் "திரும்புங்க, கையைத் தூக்குங்க." பக்கவாட்டுப் படத்தில் இரண்டு கையும் தலைக்குமேல் போய்விடுவதால் பிடிமானமே இல்லை. எழுபது வயது உடம்பு சாயாமல் என்ன செய்யும்?

இனி அப்படி ஒருவர் வந்தால் அழைக்கும்போதே நடையைப் பாருங்கள். சுவரைத் தொட்டு நடக்கிறாரா, பேச்சில் மூச்சு வாங்குகிறதா? "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சக்கரமில்லாத ஸ்டூலில் உட்காரவைத்தே எடுக்கலாம். அதற்கும் முடியாதவரை வீல்சேரில் வைத்து முன்பக்கமிருந்து எடுத்து, "உட்கார்ந்த நிலை, ஏபி" என்று குறித்துவிடுங்கள். அந்த நிலையில் இதயம் பெரிதாகத் தெரியும் என்பதை ரேடியாலஜிஸ்ட் கணக்கில் கொள்வார். பக்கவாட்டுப் படத்துக்குத் தலைக்குமேல் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தால் கையை எடுத்து அதில் வையுங்கள். படுத்திருந்தவரை இறக்கும்போது காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காரவைத்தபின் நிறுத்துங்கள். வீல்சேரிலிருந்து எழுப்புமுன் இரண்டு பிரேக்கும் போட்டிருக்கிறதா, கால்தட்டு மடக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கால்தட்டில் இடறி விழுகிறவர்களும் உண்டு.

கண்முன்னே ஒருவர் சாய்ந்தால் தூக்கி நிறுத்தப் போராடாதீர்கள், இருவரும் விழுவீர்கள். பின்னாலிருந்து அணைத்து, உங்கள் தொடைமேல் சரியவிட்டு, மெல்லத் தரையில் கிடத்துங்கள். காலை உயர்த்தி, ஆள் கூப்பிட்டு, நாடி பாருங்கள். சம்பவப் பதிவேட்டில் எழுதுங்கள், அடி படாவிட்டாலும்.

மார்பு எக்ஸ்ரேயில் இன்னொன்றும் உண்டு. நம் பெண்களின் பின்னல். எண்ணெய் தேய்த்துப் பின்னிய சடை தோளில் விழுந்தால் நுரையீரல் உச்சியில் மங்கலான நிழலாக விழும். டிபி அதிகம் வரும் இடமும் அதே உச்சிதான். சடையைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்லுங்கள். தாலியை "கழட்டுங்க" என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள், ஆச்சி எழுந்து வீட்டுக்கே போய்விடுவார். "தாலி நிழல் படத்துல விழும், மேல தூக்கிக் கொண்டையோட சேத்து வச்சுக்கலாமா?" என்றால் ஒப்புவார்கள். ரவிக்கையில் குத்திய ஊக்கு, தாயத்து, வயிற்றுப் படத்துக்கு அரைஞாண் கயிறு — ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "நகை ஏதாவது இருக்கா?" என்றால் ஊக்கும் தாயத்தும் யாருக்கும் நினைவுக்கு வராது.

பெயரையும் நீங்கள் சொல்லி "ஆமா"வை வாங்காதீர்கள், அவர்களையே சொல்லவையுங்கள். மும்பைப் படிவம் குடும்பப்பெயர் கேட்கும், நம் ஆட்களிடம் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. அதனால் ஒருவரே ஒரு சீட்டில் ஒரு பெயராகவும் இன்னொன்றில் வேறு பெயராகவும் இருப்பார். பெயரோடு பதிவு எண்ணையோ வயதையோ சேர்த்து ஒத்துப்பாருங்கள்.

"என்னம்மா இருக்கு படத்துல?"

"டிபி மாதிரி" என்றது தவறு. ஆசிரியர் கண்டித்தது சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவும் தவறுதான். உச்சியில் தெரியும் நிழல் எப்போதோ ஆறிய பழைய தழும்பாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். சளிப் பரிசோதனை இல்லாமல் டாக்டரே முடிவாகச் சொல்ல மாட்டார். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் "டிபி" என்ற சொல் என்ன செய்யும் என்பது தாராவியில் வளர்ந்த உங்களுக்குத் தெரியும்.

அதற்காக வாயை மூடிக்கொண்டால், உங்கள் முகத்தைப் பார்த்தே அவர்கள் முடிவு கட்டிக்கொள்வார்கள். மௌனம் கெட்ட செய்தியாகத்தான் கேட்கும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "படம் தெளிவா விழுந்திருக்கு அண்ணே. அதுல என்ன இருக்குன்னு பார்த்து எழுதுறது ரேடியாலஜி டாக்டர். ரிப்போர்ட் வந்ததும் உங்களை அனுப்பின டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் விளக்கமா சொல்வார்." எந்தக் கவுன்டரில், எத்தனை மணிக்கு ரிப்போர்ட் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "படம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் படத்தின் தரத்தைச் சொல்வீர்கள், அவர் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று எடுத்துக்கொண்டு ரிப்போர்ட் வாங்காமலே போய்விடுவார்.

நோயாளியிடம் சொல்லக் கூடாதது வேறு, டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டியது வேறு. மூச்சுத் திணறலோடு வந்தவரின் படத்தில் ஒரு பக்கம் நுரையீரல் கோடுகளே இல்லாமல் கறுத்திருந்தால் அவரை வரிசைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அங்கேயே உட்காரவைத்து, பொறுப்பு டெக்னாலஜிஸ்டையும் டூட்டி டாக்டரையும் அந்த நிமிடமே கூப்பிடுங்கள். இருமிக்கொண்டு வருகிறவருக்கு வாசலிலேயே மாஸ்க் கொடுங்கள், நீங்கள் என்95 போடுங்கள். அதை முகம் சுளிக்காமல் செய்யுங்கள்.

குழந்தையைப் பிடிக்க நீங்கள் நிற்கக் கூடாது

இது உங்கள் உரிமை, துணிந்து பேசலாம். பெற்றோர் ஒரு நாள் ஒரு தடவை பிடிப்பது வேறு, நீங்கள் தினமும் நிற்பது வேறு. முதலில் மணல்மூட்டை, பட்டை, சுற்றிய துணி போன்றவற்றால் குழந்தையை அசையாமல் வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் கர்ப்பமில்லாத உறவினர் ஒருவர், குறைந்தது 0.25 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் போட்டு, கதிர்க்கற்றைக்குள் கை வராமல் பிடிக்கலாம்.

கதிர்வீச்சு அறையில் பயிலும் உங்களுக்கு டிஎல்டி பட்டை வேண்டும். ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு மட்டத்தில் அணிவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள். கதிர்வீச்சோடு வேலை செய்யும் தொழிலாளிக்கு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. பட்டை இல்லாவிட்டால் உங்கள் கணக்கு எங்கும் இருக்காது. துறைத்தலைவருக்கும் ஆர்எஸ்ஓவுக்கும் தேதியிட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் வாரியத்துக்கு எழுதலாம், அதன் தலைமையகம் உங்கள் ஊரிலேயே அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. தனியாகக் கொடுத்தால் குறிவைப்பார்கள் என்று தோன்றினால் வகுப்பாகச் சேர்ந்து கொடுங்கள்.

எம்ஆர்ஐ பற்றி

தோழி சொல்வது நேர்மாறு. எக்ஸ்ரேயில் ஒரு நோயாளியோடு ஐந்து நிமிடம் என்றால், எம்ஆர்ஐயில் அரை மணிக்கும் மேல், அதுவும் குழாய்க்குள் பயந்து கிடப்பவரோடு. எம்ஆர்ஐ கருவியில் இருக்கும் பெரிய காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், படம் எடுக்காதபோதும். பேஸ்மேக்கர் இருக்கிறதா, மூளையில் கிளிப் போட்டிருக்கிறதா, காதில் கருவி வைத்திருக்கிறதா என்று விடாமல் கேட்க வேண்டும். தாராவிப் பட்டறைகளில் வெல்டிங், கிரைண்டிங் செய்தவரிடம் "கண்ணுல எப்பவாவது இரும்புத் துகள் விழுந்திருக்கா?" என்ற கேள்வியைத் தவறவிட்டால் பார்வையே போகலாம். சிடி ஸ்கேனிலும் அப்படித்தான். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து உள்ளே போகும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போனதுபோல் இருக்கும் என்று முன்பே சொல்லாவிட்டால் நோயாளி பதறி அசைந்து படம் கெடும். பேசாமல் செய்யக்கூடிய பிரிவு இந்தத் துறையில் கிடையாது. ஆச்சிக்காகவும் அந்தப் பெண்ணுக்காகவும் இரண்டு நாளாகத் தூங்காமல் இருக்கிறீர்களே, அப்படிப்பட்டவர் படிப்பை விடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். முடிவு உங்களுடையது.

மொழிக்கு ஒரு ஏற்பாடு சொல்கிறேன். ஒரு அட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதி, கன்சோல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்திக்கு: "லம்பி சாஸ் லீஜியே… ரோக்கே ரக்கியே… அப் சோடியே." மராத்திக்கு: "மோட்டா ஷ்வாஸ் க்யா… ரோகூன் தரா… ஆதா சோடா." கூடவே "ஹலூ நகா", அதாவது அசையாதீர்கள், "காப்ரூ நகா", அதாவது பயப்படாதீர்கள். மராத்தி பேசும் வகுப்புத் தோழி ஒருவரிடம் சொல்லிக்காட்டி உச்சரிப்பைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது வரி, மூச்சு விடச் சொல்வது, அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.